காருக்கு அடியில் உளுந்தஞ்செடி

எங்கள் வீட்டுக் கார் சார்ஜ் இருக்கும்வரை பேட்டரியில் ஓடும்; தீர்ந்தால் தானாகவே பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். சென்ற அறுவடைச் சமயத்தில், நாத்தனார் வீட்டு விசேஷத்துக்காக நானும் கணவரும் பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரிக்குப் போனோம். நான்தான் ஓட்டினேன்.

வழியில், வண்டிகள் ஏறி மிதித்து மணி உதிரட்டும் என்று சாலையில் உளுந்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். காய்ந்த செடி சூடான சைலன்சரில் சிக்கினால் தீப்பிடிக்கும் என்று, பழைய காரில் எப்போதும் ஒதுங்கித்தான் போவோம். அன்று கணவர், "பேட்டரியிலதானே ஓடுது, சைலன்சர் குளுந்துல்லா கெடக்கும். சும்மா ஏத்து" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஏற்றினேன்.

கொஞ்ச தூரத்தில் சார்ஜ் தீர்ந்து இஞ்சின் ஓடத் தொடங்கியிருக்கிறது. பேச்சு சுவாரசியத்தில் நாங்கள் கவனிக்கவே இல்லை. ஊருக்குள் நுழையும்போது, பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் கையை ஆட்டிக் கத்தினார்: "எம்மா, வண்டிக்கு அடியில பொகையுது! எறங்குங்க!"

காரை அணைத்துவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தால், சிக்கியிருந்த செடி கனன்றுகொண்டிருந்தது. அந்தப் பெண்ணும் பக்கத்து வீட்டுக்காரர்களும் குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நல்லவேளை, கருகிய வாடையோடு போயிற்று.

"இஞ்சின் எப்பம் ஓட ஆரம்பிச்சுது?" என்றார் கணவர், என்னவோ நான்தான் அதை அவரிடம் மறைத்ததுபோல.

இப்போதும் செடி பரப்பியவர்கள், "மேல ஏத்திட்டுப் போங்கம்மா" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். "இந்த வண்டி வேண்டாம் அண்ணாச்சி. இது எப்பம் சூடாகும்னு எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு, பைய ஓரமாகப் போகிறேன்.