நாலு பேருக்குப் போட்ட மேசை

நோர்வேயில் ஆண்டை மாதங்களால் பேசுவது குறைவு. வார இலக்கங்களால் பேசுவார்கள். ஒஸ்லோப் பாடசாலைகளின் இலையுதிர்கால விடுமுறை நாற்பதாவது வாரம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாவது ஆண்டுக்கு மனைவியைத் தென்சீனக் கரையிலுள்ள மக்காவோவுக்குக் கூட்டிப்போவது என்று தீர்மானித்தபோது நானும் அப்படித்தான் குறித்தேன்: 2024, வாரம் நாற்பது. பாலர் பாடசாலையில் வேலை செய்யும் அவளுக்கு அந்த வாரம்தான் விடுப்பு.

ஏன் மக்காவோ என்று கேட்டவர்கள் உண்டு. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை 1619இல் பிடித்து 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். எங்களிடம் முப்பத்தொன்பது ஆண்டுகள். மக்காவோவை விட்டுப் போனதோ 1999 டிசம்பர் 20ஆம் திகதி. நான் ஒஸ்லோவுக்கு வந்த பிறகு. நானூறு ஆண்டுக்கு மேல் இருந்தவர்கள் ஓர் ஊரின் தெருவிலும் சட்டியிலும் எதை விட்டுப்போயிருப்பார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டேன். அதைவிட, அதை அவளுக்குக் காட்ட ஆசைப்பட்டேன். மணமாகி வந்த ஆண்டிலிருந்து, அவள் வெங்காயம் வெட்டும்போதெல்லாம் பக்கத்தில் நின்று இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு நாளாவது என்னுடைய நாளாக அவள் மனதில் நிற்கவேண்டும் என்று நினைத்தேன்.

பயணச்சீட்டு எடுக்கப் போன அன்று அவள் சொன்னாள்: "அக்காவையும் அத்தானையும் கேப்பம். அவ்வளவு தூரம் தனியப் போய் என்ன செய்யிறது?"

என்னோடு போவதைத்தான் அவள் 'தனிய' என்றாள்.

அத்தான் என்று அவள் சொன்னது என் சகலனை. ஒஸ்லோவை ஒட்டிய லோறென்ஸ்கூக்கில் வீடு, வாசலில் மின்சாரக் கார். எந்தப் புத்தகத்தையும் பாதிக்கு மேல் வாசித்ததாக நான் அறியேன். ஆனால் அவர் நிற்கும் இடத்தில் ஆட்கள் கூடுவார்கள். அவர் பகிடியைச் சொல்லி முடிக்குமுன் என் மனைவி சிரித்துவிடுவாள். என் பகிடிகளுக்கு, "சரி, பிறகு?" என்று கேட்பாள்.

ஹொங்கொங்கிலிருந்து கப்பலில் ஒரு மணித்தியாலம். அக்காவும் தங்கையும் யன்னல் ஓரம் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் சகலன் கச்சான் கடலை கொறித்தபடி இருந்தார். வேறு வழியில்லாமல் வரலாற்றை அவருக்குச் சொன்னேன். அவர் "ம், ம்" என்று கேட்டார். கச்சானிலும் எனக்குப் பங்கு தந்தார்.

இறங்கியதும் மதியச் சாப்பாட்டை அறிவித்தேன். பழைய போர்த்துக்கேய உணவகம் ஒன்றில் நாலு பேருக்கு மேசை சொல்லியிருந்தேன். உப்புப் போட்டு உலர்த்திய கொட் மீன் அங்கே பேர் பெற்றது. அந்த மீன் பெரும்பாலும் நோர்வேயின் மேற்குக் கரையிலிருந்துதான் உலகமெல்லாம் போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மனைவியின் அக்கா என்னை ஒருமாதிரிப் பார்த்தா. "தம்பி, இண்டைக்கு என்ன நாள்?"

"வெள்ளி."

"வெள்ளி மட்டுமோ? நவராத்திரியெல்லே. ரெண்டாம் நாள்."

மனைவி மெல்லச் சொன்னாள்: "நேற்று முழுக்கப் பாணும் பழமும்தானே சாப்பிட்டனான். இவர் கண்டவர்தான். எல்லாத்துக்கும் திகதி பாக்கிற மனிசன், இண்டைக்கு ஒரு சைவக் கடை பாத்து வைச்சிருப்பார் எண்டு நினைச்சன்."

நேற்று அவள் பாண் சாப்பிட்டதைப் பயணக் களைப்பு என்று எண்ணியிருந்தேன். ரொம்சோஸில் எங்கள் குசினிச் சுவரில் தமிழ்க் கலண்டர் தொங்குகிறது. தினமும் தாள் கிழிப்பவள் அவள். நான் பார்த்தது வார இலக்கம் போட்ட நோர்வேக் கலண்டரை.

"பரவாயில்லை தம்பி," என்றார் சகலன். "எங்கடை நோர்வேயிலை, பேர்கன் பக்கத்து மீனைத் தின்ன இவ்வளவு தூரம் பிளேன் ஏறுவானே ஒருத்தன்? வீட்டிலை சொல்லியிருந்தால் நானே காரிலை கொண்டந்து தந்திருப்பன்."

மூவரும் சிரித்தார்கள். மீன் எங்கிருந்து வருகிறது என்ற தகவல் என்னுடையது. சிரிப்பு அவருக்கு.

காலை முழுதும் நடந்தோம். கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்து அலைபோல் வரைந்த சதுக்கம், மஞ்சள் பூசிய தேவாலயம், பச்சை யன்னல்கள். சீனர்களின் விடுமுறைக் காலம், தோளோடு தோள் இடித்தது. கடை வாசல்களில் பாதாம் பிஸ்கட்டை உடைத்து வருவோர் போவோருக்கு நீட்டினார்கள். ஒரு பேக்கரியில் முட்டைத் தார்ட் சுடச்சுட வந்தது, மேலே சீனி கருகிய புள்ளிகளோடு. முட்டை என்பதால் பெண்கள் ஒதுங்கினார்கள். எனக்கும் சகலனுக்கும் விரதம் இல்லை. நான் ஒன்று வாங்கினேன்.

"எனக்கும் வேண்டாம்," என்றார் சகலன். "இவை பாத்துக்கொண்டு நிக்க எப்பிடி இறங்கும்?"

என் வாயில் தார்ட் பாதி இருந்தது. நல்ல தார்ட். நான் அதை அவசரமாக விழுங்க வேண்டியிருந்தது.

மதியம் கடலோரச் சீனக் கோயிலுக்குப் போனோம். கூரையிலிருந்து சாம்பிராணிச் சுருள்கள் கூம்பு கூம்பாகத் தொங்கிப் புகைந்தன. நான் கல்வெட்டு ஒன்றின் முன் நின்றேன். திரும்பிப் பார்த்தால் மூவரையும் காணவில்லை. சிறிது நேரத்தில் மனைவி போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, அத்தான் கடை பிடிச்சிட்டார். கும்பிட்டிட்டுப் போன கிழவியளுக்குப் பின்னாலை போனவர். கோயிலுக்கு வந்தவை எங்கையாவது சைவமாச் சாப்பிடத்தானே வேணுமெண்டு. உண்மையா சைவக் கடைதான், காளானும் நூடில்சும். வாங்கோ."

"அங்கை மேசை சொல்லி வைச்சிருக்கு."

"அப்ப நீங்கள் அங்கை சாப்பிட்டிட்டு வாங்கோ."

அவள் கோபித்துச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் போயிருக்கமாட்டேன்.

உணவகத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் நாலு தட்டு, நாலு கிளாஸ். மற்றவர்கள் வருகிறார்களா என்று பரிமாறுபவர் இரண்டு தரம் கேட்டார். கொட் மீனை உதிர்த்து உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒலிவ்காயோடு கிளறி வைத்திருந்தார்கள். உப்பு இறங்கி, கருவாட்டின் இறுக்கம் மட்டும் மிஞ்சிய மீன். நானூறு வருடத்தைப் பற்றி வாசித்ததெல்லாம் அந்த ஒரு வாய் மீனில் இருந்தது. சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. மூன்று காலிக் கதிரைகளையும் பார்த்து, சைவக் கடையில் இப்போது என்ன பகிடி ஓடுகிறதோ என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகல், எரிந்துபோன பெரிய தேவாலயத்துக்குப் போனேன். முகப்பு மட்டும் மிஞ்சி, பின்னால் வெறும் வானத்தோடு நிற்கிறது. கீழே நீளமான கற்படிகள். அதில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். சகலன் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "1835இலை தீப்பிடிச்சது. முன்சுவர்தான் தப்பினது. எங்களிட்டை முப்பத்தொன்பது வருசம் இருந்திட்டுப் போட்டாங்கள், இஞ்சை நானூறு."

கப்பலில் கச்சானோடு கேட்டது அப்படியே வந்தது. என் மனைவி நாடியில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். குசினியில் எனக்கு அந்த முகம் கிடைத்ததில்லை. நான் மேலே ஏறாமல் சற்று நேரம் கூட்டத்துக்குள்ளேயே நின்றேன்.

தீபாவளிக்கு லோறென்ஸ்கூக் வீட்டில் படங்களைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டார்கள். தேவாலய முகப்பு வந்தபோது, விருந்துக்கு வந்த ஒருவர் அது என்ன என்று கேட்டார்.

"1835இலை எரிஞ்சது," என்றாள் மனைவி. "அத்தான்தான் எல்லாம் விளக்கமாச் சொன்னவர்."

சகலன் உடனே கையை ஆட்டினார். "சீ, எனக்கென்ன தெரியும்? எல்லாம் தம்பி கப்பலிலை சொன்னது. நான் சும்மா திருப்பிச் சொன்னனான்."

எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், அன்பாக. என் உரிமையை அவர் திருப்பித் தந்தார். தந்ததற்கான நல்ல பெயரும் அவருக்கே போயிற்று.

"ஓமோ?" மனைவி என் பக்கம் திரும்பினாள். "அப்ப எனக்கு ஏன் நீங்கள் சொல்லேல்லை?"

இருபத்தைந்து ஆண்டு வெங்காயத்தை நினைத்துக்கொண்டு ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

வீடு திரும்பும் பஸ்ஸில், மிஞ்சிய பலகாரப் பெட்டியை மடியில் வைத்தபடி அவள் சொன்னாள்: "அடுத்தமுறை கோவா. அதுகும் அவங்கள் இருந்த இடம்தானே? திகதியை நான் பாக்கிறன், நீங்கள் பாக்க வேண்டாம்."

"அவையும் வருவினமோ?"

"கேட்டால் வருவினம்."

கொஞ்சத் தூரம் போனபின் சொன்னேன்: "ரெண்டு பேருக்கு மேசை போட்டால் காணும்."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு வாயோரத்தில் வந்து நின்றது. "சரி. நான் சைவமெண்டால் ஆர் கடை தேடுறது?"

ரொம்சோஸில் இறங்கினோம். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே, கோவாவில் சைவக் கடைகள் எங்கெங்கே என்று போனில் தேடத் தொடங்கினேன்.