ரசச்சோறு சாப்பிட்ட டாக்டர்

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் இருந்தபோது டாக்டர் தணிகாசலத்தின் மகள் கூப்பிட்டார். "அப்பா பூட்டாருங்க. அரைமணி நேரந்தான் ஆவுது. மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லணும்னு எழுதி வெச்சிருக்காருங்க."

ஏன் எனக்கு என்று மகளுக்குத் தெரியாது. அவருக்கு இரங்கல் எழுதும் உங்களுக்கும் தெரியாது.

ஓய்வுக்குப் பிறகு கல்வராயன் மலையில் அவர் பார்த்த வைத்தியத்தை நீங்கள் புகழ்வீர்கள். எல்லாம் உண்மை. நான் அறிந்தவர் அண்டார்டிகா ஆய்வு நிலையத்தின் ராணுவ மருத்துவர். நான் அங்கே ஜெனரேட்டர் பொறியாளன். குளிர்காலத்தில் கப்பலும் வராது, விமானமும் வராது. அதனால் புறப்படும் முன்பே எழுதி வாங்குவார்கள்: வீட்டில் சாவு நேர்ந்தால் உடனே சொல்வதா, ஊர் திரும்பும்போதா? 'உடனே' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள்கள் டாக்டரிடம் இருக்கும். துக்கச் செய்தியும் அவருக்குத்தான் முதலில் வரும்.

"இன்னா நைனார்பாளையம், தூங்கினியா?" என்று என் ஊர்ப் பெயரால் கூப்பிட்டு, திடீரென ஒரு நாள் முதல் தினமும் என் ரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கினார். நம்மூர்ப் பாசம் என்று நம்பினேன். தொலைபேசியில் தம்பி, "அப்பா கொல்லிக்கு ஏர் ஓட்டப் போயிருக்காரு" என்பான். அப்படிச் சொல்லச் சொன்னவரும் டாக்டர்தான்.

சூரியனே எழாத நாட்களின் நடுவில் ஒரு விருந்து நடந்தது. கறி தின்றுவிட்டு ஆடினேன். அவர் தட்டில் வெறும் ரசச்சோறு.

"இன்னா சார், கறி வாணாமா?"

"வயிறு சரியில்லய்யா. நீ ஆடு."

அன்று என் அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். மூத்த மகன் நான். கொள்ளி வைத்தது தம்பி.

கப்பல் கண்ணில் பட்ட பிறகுதான் சொன்னார். சட்டையைப் பிடித்தேன். அவர் கையை விலக்கவில்லை. "இன்னொரு இன்ஜினியரு கை ஒடஞ்சி கெடந்தான். நீயும் படுத்து ஜெனரேட்டர் நின்னா, இங்க எல்லாருக்குமே காரியம்தான்."

"அப்ப எதுக்கு சார் எழுதி வாங்கினீங்க?"

ஊர் திரும்பிய பிறகு டாக்டர் பலமுறை போனில் கூப்பிட்டார். நான் ஒருமுறையும் எடுக்கவில்லை.

மகள் கூப்பிட்ட அன்று மதியத்துக்குள் மணலூர்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். மகள் ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே நான் கையெழுத்துப் போட்ட தாள். வருத்தம் என்று அதில் ஒரு வரி இல்லை. பாடை தூக்க ஆள் கேட்டார்கள். முன்னால் போய் நின்றேன். அப்பாவுக்குக் கொடுக்காத தோள்.

நான் மன்னித்துவிட்டதாக யாரும் எழுத வேண்டாம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாள். 'உடனே' என்பதன் கீழே, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, அவர் பேனா ஒரு கோடு இழுத்திருக்கிறது.