ஷ்யாமளா நீக்கிய வீடியோ

மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் ஷ்யாமளா இருக்கிறாள். நான் அதே கட்டிடத்தில் கீழே குடியிருப்பவன். அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "எதுக்கு? நான் என்ன பெரிய மனுஷியா?" என்றாள். இல்லைதான். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து, பையனுக்காக வேலையை விட்டவள். ஆனால் தாராவியிலும் தூத்துக்குடியிலும் கோலாலம்பூரிலும் எத்தனையோ அம்மாக்களுக்கு அவள் குரல் தெரியும்.

பையன் பெயர் நகுல். வயது இருபத்திரண்டு. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன்.

அவன் பிறந்த காலத்தில் டாக்டர் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஷ்யாமளாவின் கணவர் சுந்தரராமன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடி, பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவார். அமெரிக்கக் குழந்தைகள் எந்த மாதம் உட்காரும், எந்த மாதம் ஸ்பூன் பிடிக்கும் என்றெல்லாம் அதில் இருக்கும். கடைசியில் தவறாமல், உங்கள் டாக்டரைக் கேளுங்கள் என்று போட்டிருக்கும். டாக்டரைக் கேட்டால், இன்டர்நெட்டில் பாருங்களேன் என்றார்.

பிற்பாடு தமிழிலும் இன்டர்நெட் வந்தது. வந்து என்ன? இரண்டே வகைதான் கிடைத்தது. ஒன்று, குழந்தையைச் சரியாக்கித் தருகிறேன் என்று பொடி விற்பவர்கள். இன்னொன்று, பின்னால் வயலின் அழுதுகொண்டிருக்க, இவர்களெல்லாம் தெய்வக் குழந்தைகள் என்று சொல்பவர்கள். எனக்கு இரண்டாவது ஆட்கள் மேல்தான் கோபம் அதிகம். அப்படிச் சொல்லும் ஒருவரும் அந்தத் தெய்வத்தை ஒரு மத்தியானம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதில்லை.

ஷ்யாமளா முதலில் ஒரு வலைப்பூ எழுதினாள். அதைப் படித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவள், மற்றவர் பிழை திருத்திய சுந்தரராமன். பம்பாயில் வளர்ந்த தமிழ்ப் பெண்களில் பலருக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டால் புரியும். இது அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. உறைத்ததும் போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, எதிரே நகுலை உட்காரவைத்துப் பேச ஆரம்பித்துவிட்டாள். பிறந்ததும் இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும், வருஷா வருஷம் தைராய்டு பார்க்க வேண்டும், ஸ்ட்ராவில் குடிக்கப் பழக்கினால் வாய்க்குப் பலம் வரும். எல்லாம் இப்படித்தான், சமையல் குறிப்பு சொல்வதுபோல. வயலின் கிடையாது.

நகுலுக்கு வீடியோ என்றால் உயிர். ஸ்ட்ராவில் குடித்துக்காட்டுவான், சட்டைப் பித்தான் போட்டுக்காட்டுவான். ஸ்டேஷனில் யாராவது அடையாளம் கண்டு சிரித்தால் கையை நீட்டிக் குலுக்குவான். பந்தாவுக்குக் குறைச்சலே இல்லை.

ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் பேர் பார்த்த வீடியோவில் அவன் கிடையாது. ஷ்யாமளா மட்டும் தனியாக உட்கார்ந்து பேசுகிற வீடியோ அது. நகுல் பிறந்த அன்று நர்ஸ் கொண்டுவந்தபோது, "வேண்டாம், எடுத்துண்டு போங்கோ" என்று சொன்னதை, அடுத்த சில நாட்கள் அவனைத் தூக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை, அவன் இல்லாமல் போனால் நன்றாயிருக்குமே என்று ஒரு ராத்திரி நினைத்ததை ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். வீடியோவுக்குக் கீழே நூற்றுக்கணக்கான பெண்கள் எழுதினார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இன்றைக்குத்தான் என் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த வீடியோ நல்லது செய்தது. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

நகுல் தினமும் செம்பூரில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போகிறான். காகிதப் பை ஒட்டுவது, விளக்குக்கு வர்ணம் பூசுவது, வருகிறவர்களுக்கு டீ கொடுப்பது. போன வருஷம் அங்கே புதிய பெற்றோர்களுக்காக ஒரு கூட்டம் வைத்தார்கள். ஷ்யாமளாதான் விருந்தினர். மையத்தை நடத்தும் ஷாலினி, வந்தவர்களுக்கு முதலில் அந்த வீடியோவைத் திரையில் போட்டாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ஷ்யாமளா திரையைப் பார்க்காமல் அவர்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று அவளே என்னிடம் சொன்னாள்.

அப்போதுதான் கதவருகே டீ டிரேயோடு நின்ற நகுல் அவள் கண்ணில் பட்டான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. டிரேயைப் பக்கத்து நாற்காலியில் மெதுவாக வைத்துவிட்டு வெளியே போனான். அவனை உள்ளே விடக் கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாம் நினைப்பதைவிட அதிகம் புரியும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் ஷ்யாமளா. அவளுக்கும் தோன்றவில்லை.

திரும்பும்போது ரயிலில், மாற்றுத்திறனாளிகளுக்கான ஹேண்டிகேப் டப்பாவில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வழக்கமாக நகுல் அறிவிப்புக் குரலோடு சேர்ந்து ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வருவான். அன்று வாயைத் திறக்கவில்லை. வடாலாவில் ரயில் மாறிய பிறகு கேட்டான்.

"என்னைத் தூக்கலையா?"

"அது சும்மா ஒரு கதைடா கண்ணா."

"இல்லை. நகுல்னு சொன்னே."

ஷ்யாமளாவுக்கு வேறு பொய் அகப்படவில்லை. கிங்ஸ் சர்க்கிளில் இறங்கும்போது வழக்கம்போல் கையை நீட்டினாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினான்.

அதற்குப் பிறகு அவன் அவளிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தலை வார அவள் சீப்பை எடுத்தால் அப்பாவிடம் போவான். சாப்பிட அவள் பக்கத்தில் உட்காராமல் நாற்காலியை அந்தக் கோடிக்கு நகர்த்திக்கொண்டான். ஸ்டாண்டில் போனை மாட்டினால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவான்.

"அந்த வீடியோ வேண்டாம்," என்றான் ஒருநாள்.

"நிறைய அம்மாக்களுக்கு உபயோகமா இருக்குடா."

"வேண்டாம்."

அன்று புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. கீழே எனக்கே கேட்டது.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? நடந்ததைத்தானே சொன்னேன்? அதைப் பார்த்து எத்தனை பேர் குழந்தையைக் கையில எடுத்திருக்கா, தெரியுமோன்னோ உங்களுக்கு?"

"தெரியும். எல்லாருக்கும் நல்லதுதான். அவன் ஒருத்தனைத் தவிர," என்றார் சுந்தரராமன்.

ஷ்யாமளா வீடியோவை யார் கண்ணிலும் படாதபடி மறைத்துவைத்துவிட்டு, நகுலிடம் நீக்கிவிட்டதாகச் சொன்னாள். அவனுக்கு மனசு ஆறியதும் திரும்பப் போட்டுவிடலாம் என்று கணக்கு. அவன் "சரி" என்றான். நம்பிவிட்டான். அந்த நம்பிக்கையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவனைக் கூப்பிட்டு, "நான் பொய் சொன்னேன்டா, இன்னும் இருக்கு," என்று போனை அவன் கையில் கொடுத்தாள். நிரந்தரமாக நீக்கவா என்று போன் கேட்டது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு அழுத்தினான். அத்தனை பெண்கள் எழுதிய அத்தனையும் அதோடு போயிற்று.

போனதும் அவன் ஓடிவந்து கட்டிக்கொண்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நாற்காலி அந்தக் கோடியிலேயே இருந்தது. தினமும் யாராவது ஒருத்தி, அந்த வீடியோ எங்கே என்று கேட்டு எழுதினாள். ஷ்யாமளா எவருக்கும் பதில் போடவில்லை. தன் பிள்ளைக்கும் இல்லாமல் ஊருக்கும் இல்லாமல் போனோமே என்று அவள் அழுததை சுந்தரராமன் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் தாராவியிலிருந்து போன் வந்தது. ஷ்யாமளா குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள். நகுல் சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நார் எடுத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எம் பேரு கீதா. ஒங்க வீடியோவுல இந்த நம்பர் இருந்துச்சு. எனக்குப் புள்ள பொறந்து ஒரு வாரமாச்சுக்கா. டவுன் சிண்ட்ரோம்னு சொல்லுதாவ."

"வாழ்த்துக்கள்மா. ஆணா பொண்ணா?" என்றாள் ஷ்யாமளா. யார் கூப்பிட்டாலும் அவள் முதலில் சொல்வது இதுதான்.

"பொண்ணு. நான் இன்னும் கையில எடுக்கலக்கா. எங்க மதினிதான் பாத்துக்கிடுதாவ. எனக்கு அது மொகத்தப் பாக்கவே பயமா இருக்கு. ஆஸ்பத்திரியில ஒரு நர்சு ஒங்க வீடியோ ஒண்ணு இருக்கு, அதக் கேளு, மனசு மாறும்னாவ. தேடுதேன், தேடுதேன், காங்கல."

"அது இப்ப இல்லைம்மா."

"அப்ப வாயால சொல்லுங்கக்கா. நீங்க எப்படி எடுத்தீங்கன்னு."

ஷ்யாமளா நகுலைப் பார்த்தாள். அவன் நார் எடுப்பதை நிறுத்தியிருந்தான். எண்ணெய் காய்ந்து கடுகு தீயும் வாசனை வந்தது. சொல்லிவிடலாம். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு உள்ளறைக்குப் போனால் அவனுக்குத் தெரியவும் போவதில்லை.

"அது என் பையனோட சமாசாரம்மா. அவனைக் கேக்கணும்." பிறகு அவன் பக்கம் திரும்பி, "சொல்லட்டுமாடா?" என்றாள்.

"வேண்டாம்," என்றான் நகுல்.

"வேண்டாங்கறான்மா. மன்னிச்சுக்கோ."

"சரிக்கா," என்றாள் கீதா. அழுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. ஷ்யாமளா அடுப்பை அணைத்துவிட்டு, எக்கோ பற்றி, எங்கே போக வேண்டும் என்பது பற்றி ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். எதிர்முனையில் எதுவும் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

நகுல் பீன்ஸ் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வந்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். அவனுக்குச் சில எழுத்துகள் தெளிவாக வராது, அதனால் நிதானமாகத்தான் பேசுவான்.

"ஆண்ட்டி, நான் நகுல். அம்மா என்னைத் தூக்கலை. அப்புறமா தூக்கினா."

போனை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

"நீங்க இப்பவே தூக்குங்கோ ஆண்ட்டி. பாப்பா வெயிட் பண்ணிண்டிருக்கு."

ஷ்யாமளா அந்த நாட்களைப் பற்றி எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொன்னவள். தன் பயம், தன் அழுகை, தன் சுவர் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் தொட்டிலில் ஒருத்தன் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான் என்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.