ஜன்னல்ல வச்ச கத்தாழை

தெருவுல எல்லாரும் அவளை ஊசியக்கான்னுதான் கூப்பிடுவாங்க. தையல் வேலை. ஒடம்பும் ஊசி, வாயும் ஊசி. புருஷன் போனப்புறம் மாடி ரூம்ல ஒத்தையா இருக்கா. எதுக்கும் அசரமாட்டா. ஒண்ணே ஒண்ணுக்குத்தான் பயம்: விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?

எதிர்வீட்டு நர்ஸம்மாதான் வழி சொன்னாங்க. மாத்துச் சாவிய வாங்கி வச்சுக்கிட்டு, கையில ஒரு கத்தாழைத் தொட்டியக் குடுத்தாங்க.

"காலையில இத ஜன்னல்ல வையி, பொழுது சாஞ்சா உள்ள எடு. காலையில தொட்டியக் காணோம்னா நான் வந்துடுவேன். தண்ணி மட்டும் மண்ணு நல்லா காஞ்சப்புறம் ஊத்து."

இவளுக்கு மனசு கேக்கல. தெனம் ஊத்தினா. வேர் அழுகி, செடி கொழகொழன்னு சாஞ்சுடுச்சு.

"புருஷனைக்கூட நீ இப்படிக் கவனிச்சதில்லடி"ன்னு திட்டிட்டு, நர்ஸம்மா இன்னொண்ணு குடுத்தாங்க. அதுலேருந்து நாலு தூத்தல் விழுந்தா போதும், தைக்கிற துணியப் போட்டுட்டு ஓடிவந்து தொட்டிய உள்ள எடுத்துடுவா.

சாயந்திரம் எடுக்கறதுதான் வரவர விட்டுப்போச்சு. கத்தாழைதானே, ராத்திரி வெளிய கெடந்தா என்ன கொறஞ்சுடும்?

ஒருநாள் விடிஞ்சதும் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா. இடுப்பு அசையல. தொறந்த கதவு வழியா ஜன்னல் தெரிஞ்சுது. நேத்து வச்ச தொட்டி அங்கேயே இருக்கு. ஊசியக்கா நல்லாருக்கான்னு ஊருக்கே சொல்லிக்கிட்டு நிக்குது சனியன்.

கத்திப் பாத்தா. கீழ தச்சுப்பட்டறையில மரம் அறுக்கிற மெஷின் ஓடுது. அவ சத்தம் அவளுக்கே கேக்கல. எதிர் ஜன்னல்ல நர்ஸம்மா துணி உதறினாங்க. இந்தப் பக்கம் பாத்தாங்க. தொட்டியப் பாத்துட்டு நிம்மதியா உள்ள போயிட்டாங்க.

நாளைக்கும் தொட்டி அங்கதான் இருக்கும். நாளன்னைக்கும்.

வானம் இருட்டி, மழை பிடிச்சுக்கிச்சு. தொட்டியில தண்ணி ரொம்பி வழியுது. இவ ஈரத் தரையில நகத்தால பெறாண்டினா. ஓர் அங்குலம் நகர முடியல.

கதவுல சாவி திரும்பற சத்தம்.

"எங்கடி இருக்க? கத்தாழை இவ்ளோ நேரமா நனையுது, நீ ஓடியே வரல. எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு."

தலையெல்லாம் சொட்டச் சொட்ட நர்ஸம்மா குனிஞ்சாங்க. இவ ஜன்னலையே பாத்தா.

"தொட்டிய... உள்ள எடுத்தீங்களா?"

"அது கெடக்கு. மொதல்ல உன்ன எடுக்கணும்."