சேறு பிடித்து நின்ற வீடு

கிளெனிஸ் ட்ரெவினுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று ஜிம்பி ஊர் முழுக்கப் பேச்சு. ஊருக்கு என்ன தெரியும்? இருபத்திரண்டு வருடமாக, ஒரு வீட்டுக்கு அடியில் தலையை நுழைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பயம்தான். வேனுக்குப் பின்னால் ஒதுங்கி வாந்தி எடுத்த நாட்களும் உண்டு. வெளியே மூச்சு விட்டதில்லை. பயந்தவளை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

அந்த ஊர் வீடுகள் மரத்தூண்கள் மேல் நிற்பவை. மண்ணுக்கும் வீட்டின் பலகைத் தளத்துக்கும் நடுவே முழங்கால் உயரம்தான் இடம். ஆற்று வெள்ளம் வடிந்தால் அங்கே சேறு தங்கிவிடும். விட்டால் மரம் இற்றுப்போகும், கரையான் ஏறும். கிளெனிஸ் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய்க் குட்டை மண்வெட்டியால் சுரண்டி வெளியே தள்ளுவாள். சிலந்தியும் பாம்பும் அவளுக்கு முன்பே அங்கே குடியிருக்கும்.

வேலைக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தாள். கால் மணிக்கு ஒருமுறை கீழிருந்து பலகையை இரண்டு தட்டு தட்டுவாள். மேலே இருப்பவர் இரண்டு மிதி மிதித்துப் பதில் சொல்ல வேண்டும். தட்டு வரவில்லை என்றால் மேலே இருப்பவர் ஓங்கி மூன்று மிதி மிதித்துக் கூப்பிட வேண்டும். எத்னா கார்ல்டனிடமும் அன்று காலை இதைத்தான் சொன்னாள். எத்னாவுக்கு எண்பத்தொன்று, தனிக்கட்டை, காது மந்தம்; தட்டு பாதத்தில் அதிர்ந்தால்தான் தெரியும்.

"மிதிக்கிறதுக்கு என்ன, நல்லாவே மிதிப்பேன் கண்ணு. என் புருஷனையே மிதிச்சிருக்கேன்" என்றாள் எத்னா.

பதினோரு மணிக்குள் சமையலறைக்கு அடியில் கண்ணாடி மாதிரி சுத்தம் செய்துவிட்டாள் கிளெனிஸ். புதுச் சேற்றோடு, பழைய வெள்ளங்கள் விட்டுப்போன இறுகிய சேற்றையும் தூண்களைச் சுற்றி வழித்தெடுத்தாள். அங்கேதான் தப்பு. தூண்களின் அடி எப்போதோ கரையானுக்கு இரையாகியிருந்தது. அவற்றைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்தியிருந்ததே அந்தப் பழைய சேறுதான். கைதேர்ந்தவள், அடியைக் குத்திப் பார்க்காமல் விட்டாள். இத்தனை வருடத்தில் எதுவும் ஆகவில்லை என்ற தைரியம், வேறென்ன!

மளுக்கென்று ஒரு சத்தம். ஒரு தூண் சாய்ந்தது. மேலே ஓடிய உத்தரம் மெல்ல நாலு விரல் இறங்கி அவள் இடுப்பை மண்ணோடு அழுத்தி நின்றது. வலியைவிட அந்த நிதானம்தான் பயமாக இருந்தது. பக்கத்துத் தூணும் முனகிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு விரல் இறங்கினால் மூச்சுக்கு இடமிருக்காது.

உதவிக்குத் தட்டக் கையை ஓங்கியவள் அப்படியே நிறுத்தினாள். தட்டினால் எத்னா மிதிப்பாள். தட்டாவிட்டால் ஓங்கி மிதிப்பாள். தன் வழக்கமே தனக்கு எமனாக வந்து நின்றது. கத்தினாள். மந்தக் காதுக்கு அது எட்டுமா? போன் சேறு படாமல் வேனில் பத்திரமாக இருந்தது.

கால் மணி கடந்தது. மேலே செருப்புச் சத்தம் வந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவள் கழுத்தில் மண் உதிர்ந்தது.

கைக்கெட்டும் தூரத்தில் பழைய தண்ணீர்க் குழாய் போன ஓட்டை ஒன்று பலகையில் இருந்தது. மரத்தைக் குத்திப் பார்க்கும் நீள ஸ்குரூ டிரைவரை அதில் செருகி வெறி பிடித்தவள் போல் ஆட்டினாள்.

"ஐயோ, பாம்பு!" என்று எத்னாவின் குரல். பிறகு ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது.

"மிதிக்காதீங்க எத்னா! அசையாதீங்க! வீடு என் மேல இறங்கிட்டிருக்கு!"

இந்த முறை கேட்டது. குனிந்திருந்த எத்னா மெல்ல, முழங்கால் ஒவ்வொன்றாக ஊன்றி, தரையில் படுத்தாள். சட்டைப் பையிலிருந்த போனில் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டாள். அவர்கள் இன்னொரு வீட்டில் மாட்டியிருந்தார்கள். வர நேரமாகும் என்றார்கள். எத்னாவை முடிந்தால் வெளியேறச் சொன்னார்கள்.

"நான் எந்திரிச்சா இவ செத்தா. போங்கய்யா, சீக்கிரம் வந்து சேருங்க" என்று போனை வைத்தாள்.

உத்தரம் ஒருமுறை முனகியது. எத்னா ஓட்டை வழியே கேட்டாள்: "பயமா இருக்கா கண்ணு?"

கிளெனிஸ் வழக்கம்போல இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"ரொம்ப. இன்னைக்கு மட்டும் இல்ல எத்னா. எல்லா நாளும். ஒவ்வொரு வீட்டுக்கும்." சொல்லிவிட்டு அழுதாள். மேலேயும் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் தீயணைப்புக்காரன் டாரிலும் அவன் ஆட்களும் ஜாக்கி கொடுத்து, கட்டை முட்டுக் கொடுத்து, அவளை இழுத்துப் போட்டார்கள். எத்னாவை இரண்டு பேர் தூக்கிவந்து புல்தரையில் உட்காரவைத்தார்கள். டாரில் கிளெனிஸின் முதுகில் தட்டினான்.

"வேற யாராவதா இருந்தா பயத்துலயே செத்திருப்பாங்க. உனக்குத்தான் அந்தப் பேச்சே கிடையாதே!"

"யார்றா சொன்னா?" என்றாள் எத்னா. "ஒன்றரை மணி நேரமா ஓன்னு அழுதுட்டுக் கிடந்தா. நானுந்தான்."

புல்தரையில் எல்லோரும் கிளெனிஸைப் பார்த்தார்கள். பேச்சை மாற்ற ஒரு வேடிக்கை வார்த்தை அவளிடம் எப்போதும் தயாராக இருக்கும். இப்போது அதைத் தேடவில்லை.

"ஆமா டாரில்" என்றாள். முகத்தைத் துடைக்கவில்லை. "இப்பவும் நடுங்குது. கையைப் பிடிச்சுக்கோ."