நான் உயிரோடு இருந்ததற்குப் பேராலயம் சாட்சி

ஓய்வூதியர் ஒவ்வொருவரும் தாம் உயிரோடு இருப்பதை நவம்பர் முதல் தேதியிலிருந்து முப்பதாம் தேதிக்குள் சான்றிதழ் மூலம் நிரூபிக்க வேண்டும் என்பது விதி. தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். பூந்தமல்லியில் எங்கள் குடியிருப்பின் ஓய்வூதியர் அத்தனை பேருக்கும் கைபேசியிலேயே இதைப் பதிவு செய்து கொடுத்தவன் நான்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், எல்லோருமாகக் கொச்சிக்குச் சுற்றுலா போயிருந்தோம். கொட்டும் மழையில் வைப்பின் தீவை, அதாவது அங்கிருந்த டீக்கடைக் கூரையை, சுற்றிப் பார்த்துவிட்டுப் படகில் திரும்பினோம். இன்று என்ன தேதி என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர். திருமழிசை லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நவம்பர் முப்பது என்று சொல்லிவிட்டு, என் சான்றிதழை நான் இன்னும் பதிவு செய்யவில்லை என்றேன்.

“இன்னா சாரு, அல்லாருக்கும் உசுரு கீதுன்னு எழுதிக் குட்த்துட்டு உன்னுத வுட்டுட்டியா?” என்றார். படகே சிரித்தது.

என் கைபேசி நனைந்து எனக்கு முன்பே உயிரை விட்டிருந்தது. அவருடைய கைபேசியில், நானே ஏற்றிக் கொடுத்த செயலியில், முகத்தைக் காட்டினேன். வெளிச்சம் போதாது என்றது. கரையேறினால் கடைத்தெரு முழுக்க மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் புண்ணியத்தில் விளக்கெரிந்த ஒரே இடம் பழைய பேராலயம். வாசலிலேயே பலகை: ‘உள்ளே படம் எடுக்கக் கூடாது.’

ஓய்வூதிய அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டுப் பணியில் பலகையை மீறியவன் அல்ல நான். நேரில் வந்து நின்ற ஒருவரையே, சான்றிதழ் இல்லாமல் உயிரோடு இருப்பதாக ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் வந்த வழியே படியிறங்கிப் போனது அப்போது நினைவுக்கு வந்தது.

நான் தயங்கியதைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் காவலாளியிடம் போனார். “நைனா, இவுரு உசுரோட கீறாரான்னு கவர்மென்ட்டுக்கு டவுட்டு.”

காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே இன்னொரு விளக்கைப் போட்டார். பிறகு பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, செயலி கேட்டபடி கண்ணைச் சிமிட்டச் சொன்னார்.

சிமிட்டினேன். செயலி ஏற்றுக்கொண்டது. எதிரே ஜெபித்துக்கொண்டிருந்த கன்னியாஸ்திரீ எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

முறைப்படி பதிவாகிவிட்டதா என்று மறுநாளே ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். எந்த விதியைச் சொல்ல வாயெடுத்தாலும், பலகையைத் திருப்பிய அந்தக் கை இன்றும் என்னை நிறுத்துகிறது. அன்று நான் உயிரோடுதான் இருந்தேன் என்று உறுதி செய்த அலுவலகப் பதில் வந்த தேதி: அடுத்த ஆண்டு நவம்பர் ஒன்று.