கூடப் பிறந்தவங்களா இருந்தாலும்

பேருந்து நிலையத்தை ஒட்டிய மூன்று மாடிக் கடைத்தொகுதியில், எஸ்கலேட்டர் ஏறியதும் இடது பக்கம் நாலாவது கடை. செல்போன் உறை, சார்ஜர், ஹெட்போன், கம்ப்யூட்டரில் விளையாடுகிற கேம் கார்டு எல்லாம் அங்கே கிடைக்கும். கண்ணாடி மேசைக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற பெண்ணைச் சாவிக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெயரைக் கேள்விப்பட்டு, வீட்டுப் பூட்டைக் கையோடு கழற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அவர்களைக் கீழே செருப்புக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற நிஜமான சாவிக்காரரிடம் அனுப்பிவைப்பாள்.

இவளுடைய சாவி வேறு. கேம் கார்டின் பின்னால் வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால் பதினைந்து எழுத்து இருக்கும். அதற்குக் 'கீ' என்று பெயர். அதை அக்கவுண்ட்டில் சரியாக அடித்தால்தான் விளையாட்டு திறக்கும். ஜனங்கள் சுரண்டுகிறேன் பேர்வழி என்று எழுத்தையும் சேர்த்துச் சுரண்டிவிட்டு வந்து நிற்பார்கள். பூஜ்யமா ஓ-வா, எட்டா பி-யா என்று கார்டை வெளிச்சத்தில் சாய்த்து ஒரு பார்வை பார்த்தே சொல்லிவிடுவாள். கூரியர் ஆபீசில் பன்னிரண்டு வருஷம் டாக்டர் கையெழுத்தெல்லாம் படித்து முகவரி அடித்தவளுக்கு இது ஒரு வேலையா!

கீ போட்டுக் கொடுத்தால் மட்டும் விடமாட்டாள். அக்கவுண்ட்டைப் பத்திரம் செய்துகொடுத்துத்தான் அனுப்புவாள். பாஸ்வேர்டு மாற்று, போன் நம்பரை இணை, ஓடிபி வருகிறதா பார். எல்லாம் முடிந்ததும் ஆள்காட்டி விரலை நீட்டி ஒரு வாசகம் சொல்லுவாள்.

"ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்க. கூடப் பிறந்தவங்களா இருந்தாலும் சொல்லாதீங்க."

ஒரு நாளைக்கு நாற்பது தடவை. பக்கத்து மேசையில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போன் பழுது பார்க்கிற ரிப்பேர்காரர், அவள் வாயைத் திறக்குமுன்னே அதை முணுமுணுத்துக் காட்டுவார். அவளுக்குக் கோபம் வராது. சொல்லிச் சொல்லி அந்த வாசகம் மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. வினை அங்கேதான் இருந்தது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருக்கும். மேசைக்கு முன்னால் நாலு பேர் நிற்கிறார்கள். கடைப் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. நேற்று வாங்கிய கீ வேலை செய்யவில்லை, பிழை என்ன என்று தெரிய இந்தப் படத்தை ஸ்கேன் செய்து பாருங்கள் என்று ஒருவன் ஒரு க்யூஆர் கோடை அனுப்பியிருந்தான். அவசரத்தில் அதைக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். கடை ஸ்கேனர் செத்து ஒரு வாரம் ஆகிறது. தன் சொந்தப் போனை நீட்டினாள். போனில் ஏதோ ஒரு கேள்வி வந்தது. கட்டை விரல் 'ஆம்' என்று அழுத்திவிட்டது.

கேள்வி என்னவென்று விரலுக்கு எப்படித் தெரியும்? தினமும் நாற்பது பேருடைய அக்கவுண்ட்டுக்கு 'ஆம், ஆம்' என்று அழுத்திப் பழகிய விரல். வேறு எவளாவது இருந்தால் நின்று படித்துப் பார்த்திருப்பாள். இவள் கைகாரி, அதனால்தான் மாட்டினாள். 'இந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் அக்கவுண்ட்டுக்குள் நுழைவது நீங்கள்தானா?' என்று கேட்டிருந்தது. நுழைந்தவன் எவனோ.

இரண்டே நிமிஷம். அவளுடைய பதினோரு வருஷ அக்கவுண்ட் அவளை வெளியே தள்ளியது. பாஸ்வேர்டு போட்டாள், தவறு என்றது. மறுபடி போட்டாள். இமெயிலே மாறிவிட்டது என்றது.

"என்னக்கா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றார் ரிப்பேர்காரர்.

"போச்சு."

"எது போச்சு?"

"என் அக்கவுண்ட். எவனோ தூக்கிட்டான்."

அவர் சிரித்துவிட்டார். "ஊருக்கெல்லாம் பூட்டு போடுற ஆளு வீட்லயே திருடனா? சும்மா இருங்கக்கா."

அவள் முகத்தைப் பார்த்ததும் பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

விளையாட்டு போனால் போகட்டும், மயிரே போச்சு. அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது அதற்காக இல்லை. இந்தத் திருடர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று அவளுக்கு அத்துப்படி. அக்கவுண்ட்டில் இருக்கிற நண்பர் பட்டியலைத் திறப்பார்கள். ஒவ்வொருவரிடமும் உரிமைக்காரர் மாதிரியே பேசுவார்கள். 'எனக்கு ஒரு உதவி, உனக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லு' என்பார்கள். சொன்னவன் அக்கவுண்ட்டும் காலி. அந்தப் பட்டியலில் நாற்பத்திரண்டு பேர். நாற்பத்தொரு பேரைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. மிச்சம் ஒருத்தி அவளுடைய தங்கை.

தங்கை வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருக்கிறாள். அக்காவும் தங்கையும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அதற்கு முன்னால் இருவருக்கும் ஒரே அக்கவுண்ட். ஆளுக்கு ஒரு ஊரில் இருந்துகொண்டு, ஒரே பண்ணையில் விதை போட்டு, மாடு வளர்த்து, ஒருத்தி நட்டதை இன்னொருத்தி அறுத்து, ஒன்பது வருஷம் விளையாடினார்கள். ஒரு நாள் கடைக்கு வந்த ஒருவருடைய அக்கவுண்ட் திருட்டுப்போக, இவள் பதறிப்போய்த் தன் அக்கவுண்ட்டையும் இறுக்கினாள். 'எல்லாக் கருவிகளையும் வெளியேற்று' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினாள். தங்கையும் ஒரு கருவி என்பது அந்த நேரம் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் சின்னவள் போன் செய்தாள். "அக்கா, என்னை வெளிய தள்ளிடுச்சு. ஓடிபி உனக்கு வந்திருக்கும் பாரு, சொல்லு."

கடையில் கூட்டம். இவள் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது: "ஓடிபிய யாருக்கும் சொல்லக்கூடாது. கூடப் பிறந்தவங்களா இருந்தாலும் சொல்லக்கூடாது."

சொல்லிவிட்டு, வரிசையில் நின்றவர் கேட்ட விலையைச் சொல்லப் போனை வைத்துவிட்டாள். சாயங்காலம்தான் உறைத்தது. அதற்குள் சின்னவளிடமிருந்து, 'சரி. நான் யாரோதான். புரிஞ்சுது' என்று மெசேஜ் வந்திருந்தது. இவள் உடனே கூப்பிட்டு, 'அடி கழுதை, வாய் தவறிடுச்சு' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். 'ஒரு வார்த்தைக்கு இவ்வளவு ரோஷமா? அவளே பேசட்டும்' என்று இருந்துவிட்டாள். அவளும் அப்படியே இருந்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், வீம்பு மட்டும் குறைச்சலாகவா இருக்கும்!

ஒரு மாதம் கழித்துச் சின்னவள் தனி அக்கவுண்ட் தொடங்கி இவளுக்கு நண்பர் அழைப்பு அனுப்பினாள். இவள் ஏற்றுக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு எழுத்துப் பேச்சு இல்லை. சின்னவள் விளையாட வந்தால் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளையில் கட்டாயம் எரியும். அதைப் பார்த்தால் இவளுக்குச் சோறு இறங்கும். இரண்டு வருஷமாக இதுதான் உறவு.

இப்போது அந்தத் திருடன் ஒரு மணிக்குச் சின்னவளைப் பிடிப்பான். கொடுத்தாளானால் அவள் அக்கவுண்ட் போகும். கொடுக்காவிட்டால், 'எனக்குத் தராத ஓடிபியை வெட்கமில்லாமல் என்னிடமே கேட்கிறாளா' என்று மிச்சமிருக்கிற புள்ளியும் போகும். இரண்டில் எது நடந்தாலும் கெட்டது இவளுக்குத்தான்.

போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. எக்ஸ்ரே அறைக்குள் போனைக் கொண்டுபோக மாட்டார்கள், லாக்கரில் இருக்கும். தெரிந்தும் ஆறு தடவை செய்தாள். ஆஸ்பத்திரிக்கே கூப்பிட்டாள். எக்ஸ்ரே பிரிவுக்கு ஒன்றை அழுத்தவும் என்றது, அழுத்தினாள், பாட்டுப் போட்டது. பாட்டோடு சரி.

மெசேஜ் எழுதலாம் என்று உட்கார்ந்தாள். 'யார் கேட்டாலும் ஓடிபி கொடுக்காதே' என்று அடித்தவள், அதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். அதே வாசகம்! இரண்டு வருஷம் கழித்து முதல் வார்த்தையாக அதையா அனுப்புவது? அழித்தாள். 'நான் கேட்டாலும் கொடுக்காதே' என்று எழுதினாள். அது அதைவிட மோசம். அழித்தாள். 'எப்படி இருக்கே' என்று ஆரம்பித்தாள். காரியம் ஆக வேண்டியபோது மட்டும் நலம் விசாரிக்கிறாள் என்று நினைப்பாளே. அதையும் அழித்தாள்.

நடுவில் கேம் கம்பெனிக்கும் புகார் எழுதினாள். அக்கவுண்ட் உன்னுடையதுதான் என்றால் முதன்முதலில் போட்ட கீ எது, அந்தக் கார்டைப் படம் எடுத்து அனுப்பு என்றார்கள். இழுப்பறைக்கு அடியில் உறையில் வைத்திருந்தாள், அனுப்பினாள். அந்த வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. தங்கைக்கு நாலு வார்த்தை எழுதத்தான் வரவில்லை. ஸ்டூலில் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. எஸ்கலேட்டர் வரைக்கும் போவாள், திரும்புவாள். ஒரு டாக்ஸி டிரைவருக்குக் கீ போடும்போது எட்டை பி என்று அடித்து மூன்று தடவை பிழை வந்தது. அவளுக்கு! வந்தவர், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு மணி தாண்டியது. ரிப்பேர்காரருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் என்னத்தக்கா எழுதுறீங்க? காவியமா? 'என் அக்கவுண்ட் திருட்டுப் போயிடுச்சு, அதுல என்ன வந்தாலும் நம்பாதே'ன்னு போட்டா போதாதா?"

போதும்தான். அது தெரியாமலா இருந்தாள்? தங்கையைப் போய் வெளியே தள்ளிப் பூட்டிய பூட்டு, எவனுக்கோ தானாகத் திறந்துகொண்டது என்று எப்படி எழுதுவது? அந்த வெட்கம்தான் கையைக் கட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் சொன்னதை அப்படியே அடித்து அனுப்பினாள். மணி ஒன்று பன்னிரண்டு. பதில் வரவில்லை.

மூன்றே முக்காலுக்குக் கேம் கம்பெனி அக்கவுண்ட்டைத் திருப்பிக் கொடுத்தது. உள்ளே போனாள். பண்ணையைப் பார்க்கவில்லை, நேரே பட்டியலுக்குப் போனாள். திருடன் நாற்பத்திரண்டு பேருக்கும் எழுதியிருந்தான். பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளவில்லை. இரண்டு பேர் நாறத் திட்டியிருந்தார்கள். தங்கையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்களாக ஏதோ ஒரு பெயர் இருந்தது. அவள் அக்கவுண்ட்டையும் எடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறான். ஓடிபியைக் கொடுத்துவிட்டாள்.

அந்தப் பேச்சைத் திறந்தாள்.

திருடன், பன்னிரண்டே முக்காலுக்கு: 'ஹாய். எப்படி இருக்கே?'

சின்னவள், ஒரு மணி ஒரு நிமிஷத்துக்கு: 'அக்கா!'

அப்புறம் மளமளவென்று எழுதியிருந்தாள். 'இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே, இப்பத்தான் பாத்தேன், இங்க வச்சுப் பேச முடியாது. நல்லா இருக்கேன்கா. நீ எப்படி இருக்கே? முட்டிவலி எப்படி இருக்கு? இன்னும் அந்த ஸ்டூல்லதான் உக்காந்திருக்கியா? நான் வீடு மாத்திட்டேன். கண்ணாடி போட்டுட்டேன், பாத்தா சிரிப்பே. போன வருஷம் வயித்துல ஒரு ஆபரேஷன் ஆச்சு. பயப்படாதே, இப்ப சரியாயிடுச்சு. இருபது நாள் படுக்கையில இருந்தேன். அப்ப உன்கிட்ட சொல்லணும்னு ரொம்ப இருந்துது.'

போன வருஷம் பச்சைப் புள்ளி ராத்திரி பகல் பாராமல் இருபது நாள் எரிந்ததே! லீவு போட்டுக் கூத்தடிக்கிறாள், என் ஞாபகம் எங்கே வரப்போகிறது என்று இந்தப் பாவி பொருமிக்கொண்டிருந்தாள்.

திருடன்: 'ஒரு உதவி. உனக்கு ஒரு ஓடிபி வரும். சொல்லு.'

சின்னவள்: 'இதுக்கு எதுக்குக்கா உதவி கிதவின்னுட்டு. இந்தா.' கீழே ஆறு எண்கள்.

அதற்குக் கீழே, 'ஞாயித்துக்கிழமை லீவுதான், பேசலாமா?'

அதற்கும் கீழே, 'அக்கா? இருக்கியா?'

அத்தோடு முடிந்திருந்தது.

சாவிக்காரி போனை எடுத்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தாள். எஸ்கலேட்டருக்குப் பக்கத்தில் யாரும் ஏறாத படிக்கட்டு ஒன்று இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்து கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் சின்னவள்.

"ஏய்... அது நான் இல்லடி. எவனோ திருட்டுப்பய."

"தெரியும்கா. உன் மெசேஜ அப்புறம்தான் பாத்தேன். போச்சு, எல்லாம் போச்சு."

அழக்கூடாது என்று இருந்தவளுக்குக் கோபம்தான் வந்தது. "கேட்டா தூக்கிக் குடுத்துடுறதா? நான் என்னைக்காவது ஓடிபி கேப்பேனா? உனக்குக் கொஞ்சமாவது சந்தேகம் வர வேண்டாம்?"

"வந்திருக்கணும்."

"அப்புறம் எப்படிடி நான்னு நெனச்சே?"



"எப்படி இருக்கேன்னு கேட்டான்கா. நீ கேப்பே, கேப்பேன்னு ரெண்டு வருஷமா பாத்துட்டே இருந்தேன். கேட்டதும் நீதான்னு நெனச்சுட்டேன்."

சாவிக்காரி புறங்கையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடி நனைந்தது. மேலே கடை வாசலில் யாரோ ஒருவர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். ரிப்பேர்காரர், "இன்னைக்கு இல்லீங்க, நாளைக்கு வாங்க" என்று அவரைத் திருப்பி அனுப்புவது கேட்டது.

"வயித்துல என்னடி ஆபரேஷன்?" என்றாள்.

"அது பெரிய கதைக்கா. நீ கடையில இருக்கே, கூட்டம் இருக்கும்."

"இருந்தா இருக்கட்டும். நீ முதல்ல இருந்து சொல்லு."

சின்னவள் சொல்ல ஆரம்பித்தாள்.